எம்.ஜி.ஆருக்குப் பேச்சு தடுமாறிய 3 ஆண்டுகள்: உடனிருந்த ஜானகியின் கதை

ஆதம்பாக்கத்திலிருந்து மணப்பாக்கம் ஐ.டி. பூங்காவுக்கு தினமும் பைக்கில் போகிறவர்களுக்கு இந்த ரூட் அத்துப்படி. கத்திப்பாரா மேம்பாலம், அப்புறம் மவுன்ட் - பூந்தமல்லி சாலை, நகராத டிராஃபிக், ஹாரன் சத்தம். அந்தச் சாலையில்தான் ராமாவரம் தோட்டம் இருக்கிறது. எம்.ஜி.ஆர் வாழ்ந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே வளாகத்தில் பேச்சு, செவித்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஒரு பள்ளி நடப்பதும், அதைத் தொடங்கியவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் பலருக்குத் தெரியாது.

அவர்தான் வி.என்.ஜானகி. தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர் யார், எத்தனை நாள் பதவியில் இருந்தார்? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 24 நாள் என்று டக்கென சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அவரைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்த 24 நாளுக்கு முன்னால் 3 ஆண்டுகள் இருந்தன. மேடையில் பேசியே ஒரு மாநிலத்தைக் கட்டிப்போட்ட மனிதருக்குப் பேச்சு தடுமாறியபோது, அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 3 ஆண்டுகள். இன்று பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் ஜானகியின் வாழ்க்கையில் தங்கள் வீட்டின் சாயல் தெரியும்.

யார் இந்த ஜானகி?

கேரளத்தின் வைக்கத்தில் 1923-ல் பிறந்தவர். தந்தை ராஜகோபால ஐயர், கர்னாடக இசை உலகின் பாபநாசம் சிவனுக்குச் சகோதரர். அதாவது மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போன அந்த சிவனுக்கு ஜானகி அண்ணன் தம்பி வழி மகள். பாட்டும் நாட்டியமும் குடும்பத்திலேயே இருந்தன.

பிறகு சினிமாவுக்கு வந்தார். தியாகராஜ பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ (1948), அண்ணா கதை எழுதிய ‘வேலைக்காரி’ (1949) ஆகிய படங்களில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு ஜோடியாக ‘மோகினி’ (1948), ‘மருதநாட்டு இளவரசி’ (1950), ‘நாம்’ (1953). இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலகட்டத்தில் ஜானகி பெயர் தெரிந்த கதாநாயகி, எம்.ஜி.ஆர் அப்போதுதான் நாயகனாகக் காலூன்றிக்கொண்டிருந்தார்.

ஜானகிக்கு முந்தைய திருமணத்தில் ஒரு மகன் இருந்தார். எம்.ஜி.ஆரின் முதல் மனைவி பார்கவி 1942-ல் இறந்துவிட்டார். இரண்டாவது மனைவி சதானந்தவதி நீண்டகாலம் நோயில் இருந்து 1962-ல் மறைந்தார். அதன்பிறகு 1963-ல் எம்.ஜி.ஆரும் ஜானகியும் சட்டப்படி தம்பதியானார்கள். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஜானகி நடிப்பை விட்டு ஒதுங்கியிருந்தார். ராமாவரம் தோட்டத்து வீடுதான் அவருடைய உலகம் ஆனது.

முதலில் போனது குரல்

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்து வீட்டிலேயே நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். காதருகே பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கியது. உயிர் தப்பினார், ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. ஒரு காதில் கேட்கும் திறனும் பாதிக்கப்பட்டது.

அடுத்த மாதமே தேர்தல். ஆதம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலைதான் அவர் நின்ற தொகுதி. பிரச்சாரத்துக்கே போக முடியவில்லை. கழுத்தில் கட்டோடு இருக்கும் அவருடைய படம் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. ஜெயித்தார். அதே ஆண்டு வெளியான ‘காவல்காரன்’ படத்தில் மாறிப்போன குரலையே ரசிகர்கள் கேட்டார்கள். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்வது நல்லது. 1967-ல் பேச்சைப் பொறுத்தவரை பாதிக்கப்பட்டது குரல் மட்டும்தான். என்ன சொல்ல வேண்டும் என்பதிலோ, வார்த்தைகளைக் கோப்பதிலோ எந்தச் சிக்கலும் இல்லை. அதனால்தான் அதன்பிறகும் 17 ஆண்டுகள் மேடைகளில் பேசினார், 1972-ல் தனிக்கட்சி தொடங்கினார், 1977-ல் முதல்வரானார். 1984-ல் வந்தது வேறு வகை.

1984 அக்டோபர்: மூளையைத் தாக்கிய நோய்

1984 அக்டோபர் தொடக்கத்தில் சிறுநீரகக் கோளாறோடு எம்.ஜி.ஆர் கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே இருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. அந்த மாதம் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்டோபர் 31-ல் அவரே சுட்டுக்கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நவம்பர் முதல் வாரத்தில், தனி விமானத்தில் எம்.ஜி.ஆர் நியூயார்க் நகரின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஜானகியும் கூடவே போனார்.

புரூக்ளின் டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் சிகிச்சை. அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகம் டிசம்பரில் பொருத்தப்பட்டது. அதே டிசம்பர் 24-ல் இங்கே தேர்தல். மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் போட்டியிட்டார். அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்ற வதந்திக்குப் பதிலாக, மருத்துவமனையில் எடுத்த வீடியோ ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. அ.தி.மு.க. 132 இடங்களில் வென்றது.

1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பினார். 10-ம் தேதி மூன்றாவது முறையாக முதல்வர் பதவி ஏற்றார். கூட்டம் கையசைப்பைப் பார்த்தே ஆர்ப்பரித்தது. ஆனால் அவருடைய பேச்சு கடைசிவரை தெளிவாகத் திரும்பவில்லை.

சரி, அஃபேசியான்னா என்ன?

பக்கவாதம் மூளையின் எந்தப் பகுதியைத் தாக்குகிறதோ அதைப் பொறுத்து பேச்சு இரண்டு விதமாகப் பாதிக்கப்படலாம்.

ஒன்று, நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் சொன்னபடி கேட்காமல் போவது. வார்த்தை மனசுக்குள் சரியாக இருக்கும். வெளியே வரும்போது குழறும். இப்படிப்பட்டவரால் பெரும்பாலும் எழுதிக் காட்ட முடியும்.

இன்னொன்று அஃபேசியா. இங்கே சிக்கல் நாக்கில் இல்லை, மொழியில். பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் பகுதி மூளையின் இடது பக்கம் இருக்கிறது. அங்கே அடிபட்டால், தண்ணி வேணும் என்று நினைக்கிறவருக்கு ‘தண்ணி’ என்ற சொல் கிடைக்காது. அல்லது அதற்குப் பதில் வேறொரு சொல் வந்துவிடும். சிலருக்கு எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் புரியாது. படிப்பதும் எழுதுவதும்கூட பாதிக்கப்படும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. இரண்டு பாதிப்பும் சேர்ந்தே வருவதும் உண்டு.

அஃபேசியா அறிவை அழிப்பதில்லை. ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும், யார் தன்னைக் குழந்தை மாதிரி நடத்துகிறார்கள் என்பதும் நல்லாவே தெரியும். சொல்லத்தான் முடியாது.

இந்த இரண்டில் எதுவானாலும் வீட்டில் இருக்கும் துணைக்கு ஒரே நாளில் வேலை மாறிவிடுகிறது. அதுவரை மனைவி அல்லது கணவன். இனி நர்ஸ், கணக்குப்பிள்ளை, மொழிபெயர்ப்பாளர் எல்லாமே.

மொழிபெயர்ப்பாளர் மேல் விழும் சந்தேகம்

1985 முதல் 1987 வரை ராமாவரம் தோட்டத்தில் நடந்ததை இந்தக் கோணத்தில் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். வீட்டுத் தலைவரின் பேச்சு தெளிவாக இல்லை. அவர் ஒரு மாநிலத்தின் முதல்வர். கோப்புகள் காத்திருக்கின்றன, அமைச்சர்கள் காத்திருக்கிறார்கள், கட்சிக்குள் அடுத்தது யார் என்ற போட்டி நடக்கிறது. அவர் சொல்வதை அருகில் இருப்பவர்கள்தான் மற்றவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். சிறுநீரகம் மாற்றப்பட்ட உடம்பு. மருந்து, உணவு, தொற்று என்று எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். மேல்சிகிச்சைக்கு மறுபடியும் அமெரிக்கா போக வேண்டியிருந்தது. அப்போது ஜானகிக்கும் வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில் முதல்வர் பெயரில் உண்மையில் முடிவெடுப்பது யார் என்ற கேள்வி அரசியலில் ஓயாமல் எழுந்தது. அரசியலில் அது நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வி சின்ன அளவில் சாதாரண வீடுகளிலும் எழும். அப்பாவுக்குப் பேச்சு வராது. அம்மாதான் அவர் என்ன சொல்கிறார் என்று சொல்லுவாங்க. ஒரு கட்டத்தில் யாராவது ஒருத்தர் கேட்பார், அவர் சொல்றதைத்தான் சொல்றீங்களா, இல்ல நீங்களாவே சொல்றீங்களா என்று. பேங்க் கையெழுத்து, சொத்து, பிள்ளையின் கல்யாணம் என்று பெரிய முடிவு வரும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் கூடவே வரும்.

துணைக்கு வலிக்கும் இடம் இதுதான். தூக்கம் கெட்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்து அவருடைய சைகையைப் படிக்கக் கற்றுக்கொண்டவரையே மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் பரிந்துரைப்பது அது. முடிவை அவர் முன்னால், அவரிடமே கேட்பது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்பது. அதே கேள்வியைக் கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக் கேட்டு, அதே பதில் வருகிறதா என்று பார்ப்பது. இதை மற்ற குடும்பத்தினரும் கற்றுக்கொண்டால், ஒருவர் மட்டுமே ‘வாயாக’ இருக்க வேண்டிய கட்டாயம் குறையும்.

கத்திப்பாராவில் கடைசி விழா

1987 டிசம்பர் மூன்றாம் வாரம். கத்திப்பாரா சந்திப்பில் நேரு சிலையைத் திறந்துவைக்க பிரதமர் ராஜீவ் காந்தி வந்தார். எம்.ஜி.ஆர் கலந்துகொண்ட கடைசிப் பொது விழா அதுதான். டிசம்பர் 24 அதிகாலையில் ராமாவரம் வீட்டில் அவர் உயிர் பிரிந்தது.

கணவர் இறந்து இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது. 1988 ஜனவரி 7-ல் ஜானகி முதல்வரானார். கட்சி இரண்டாகப் பிளந்தது. ஜனவரி 28-ல் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்துக்குள் கைகலப்பு வெடித்து, போலீஸ் உள்ளே வந்தது. 30-ம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது.

1989 ஜனவரி தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா சின்னம், ஜெயலலிதா அணிக்கு சேவல். கணவர் படுக்கையில் இருந்தே வென்ற ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். அவருடைய அணிக்குக் கிடைத்தது 2 இடம்; ஜெயலலிதா அணிக்கு 27. அதோடு அரசியலிலிருந்து விலகினார். அணிகள் ஒன்றாயின, இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. கட்சியின் தலைமை அலுவலகமாக இருக்கும் அவ்வை சண்முகம் சாலைக் கட்டிடம் ஜானகி கொடுத்ததுதான்.

இந்த அரசியலை எப்படி வேண்டுமானாலும் மதிப்பிடலாம். ஆனால் நாட்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டு நோயாளி கவனிப்பு, மரணம், 14 நாளில் பதவி, 24 நாளில் வீழ்ச்சி. துக்கம் ஆறுவதற்கு ஒரு வாரம்கூடத் தனியாகக் கிடைக்கவில்லை.

உயிலில் இருந்த பள்ளி

எம்.ஜி.ஆர் 1987 ஜனவரியில் ஓர் உயில் எழுதியிருந்தார். ராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேச முடியாத குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைய வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. பேச்சுக்காகத் தினமும் போராடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய உயில் அது.

தேர்தலில் தோற்று வீடு திரும்பிய ஜானகி செய்த வேலை, இதை நிறைவேற்றியது. 1990-ல் ராமாவரம் தோட்டத்திலேயே டாக்டர் எம்.ஜி.ஆர் பேச்சு, செவித்திறன் குறைந்தோர் இல்லமும் பள்ளியும் தொடங்கப்பட்டன. பின்னாளில் அது மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பிறவியிலேயே காது கேளாததால் பேச்சு வராத குழந்தையின் நிலை வேறு, பேசிக்கொண்டிருந்தவர் பக்கவாதத்தில் பேச்சை இழப்பது வேறு. ஆனால் சொல்ல நினைப்பதைச் சொல்ல முடியாமல் ஒருவர் தவிப்பதை 3 ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, அந்தக் குழந்தைகளின் தவிப்பு புரியாமல் இருந்திருக்காது.

அடையாறு பக்கம் இருந்த சத்யா ஸ்டூடியோ இடத்தில் இப்போது எம்.ஜி.ஆர் - ஜானகி மகளிர் கல்லூரி நடக்கிறது. ஜானகி 1996 மே 19-ல் மறைந்தார். ராமாவரம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கனடாவின் டொரண்டோவிலும் இதைப் போல ஒன்று நடந்திருக்கிறது. பேட் அராட்டோ என்ற பெண்ணின் கணவருக்குப் பக்கவாதத்தால் அஃபேசியா வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை முடிந்த பிறகு போக இடமே இல்லை என்று கண்ட அவர், 1979-ல் ஒரு மையத்தைத் தொடங்கினார். இன்று அது உலகம் அறிந்த அஃபேசியா இன்ஸ்டிட்யூட். பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்லாமல், அவரோடு பேசுகிறவர்களுக்கும் பயிற்சி கொடுப்பதுதான் அதன் சிறப்பு.

இன்று ஒரு வீட்டில் என்ன செய்யலாம்?

ராமாவரம் வீட்டில் உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆதம்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் பிளாட்டில், பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவுக்கு அது கிடையாது. அவருக்கு உதவக்கூடியவை சில:

• பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். சின்ன வாக்கியமாக, சாதாரண சத்தத்தில் பேசினால் போதும். காது கேட்காதவரிடம் பேசுவது மாதிரி கத்த வேண்டாம்.

• என்ன வேணும் என்று பொதுவாகக் கேட்காமல், காபியா டீயா என்று இரண்டைக் காட்டிக் கேளுங்கள். பேப்பர், பேனா, காலண்டர், போனில் குடும்பப் படங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

• பதிலுக்குக் காத்திருங்கள். வார்த்தையை நாமே முடித்துக் கொடுக்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

• ஒரு டம்ளரின் பெயரைச் சொல்ல முடியாத சிலர், பழைய சினிமா பாட்டையோ சஷ்டி கவசத்தையோ தடையில்லாமல் பாடுவார்கள். நடிப்பு என்று நினைக்க வேண்டாம். பழகிப்போன பாட்டு, எண்ணிக்கை, கிழமைப் பெயர்களை மூளை வேறு வழியில் எடுத்துத் தருகிறது.

• வீட்டில் மலையாளமோ தெலுங்கோ பேசுகிறவர்கள் அதைப் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். எல்லா மொழியும் ஒரே அளவில் பாதிக்கப்பட வேண்டும் என்பதில்லை.

• முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆறு மாசம் ஆச்சு, இனி அவ்ளோதான் என்று பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. அதன் விளக்கத்தில் அஃபேசியா பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. நிரந்தர பாதிப்பு இருந்தால் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். கைகால் செயலிழந்தால்தான் மாற்றுத்திறனாளி என்று நினைத்து, பல குடும்பங்கள் விண்ணப்பிப்பதே இல்லை.

இன்னொன்று: திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி சுமார் நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் தரும்.

அவங்களுக்கு யார்?

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வரும் எல்லோரும் அவர் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார்கள். தூக்கமில்லாமை, முதுகு வலி, மன அழுத்தம், யாரோடும் பேச ஆளில்லாத தனிமை என்று கவனித்துக்கொள்பவருக்கு வருவது யார் கண்ணிலும் படாது. முப்பது நாப்பது வருஷம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஊர்க்கதை பேசிய துணை, எதிரில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பேச்சு இல்லை.

அடுத்த முறை அப்படி ஒரு வீட்டுக்குப் போகும்போது, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவதோடு நிறுத்த வேண்டாம். அவரோடு பேசும் முறையை அவங்களிடமே பத்து நிமிஷம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு மணி நேரம் அவரோடு நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவங்களைக் கோயிலுக்கோ கடைக்கோ தங்கச்சி வீட்டுக்கோ அனுப்பி வைக்கலாம். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்ய ஆள் இருந்தாலே அந்த வீட்டுக்குப் பெரிய உதவி.